அவர்கள் உட்கார்ந்தால் நமக்கென்ன குறை?

போன வாரம் அம்மாவுக்குப் புடவை எடுக்கத் தியாகராய நகரில் ஒரு துணிக்கடைக்குப் போனோம். எங்கள் இருவருக்கும் நாற்காலி போட்டார்கள். புடவை காட்டிய பெண்ணுக்கு இருபது வயதுகூட இருக்காது. முந்தானையை வெளிச்சத்தில் காட்ட அவள் மேசையைச் சுற்றி வந்தபோதுதான் கவனித்தேன். கணுக்கால் வீங்கி, கொலுசு சதைக்குள் பதிந்திருந்தது.

"எப்போதிலிருந்து நிற்கிறாய் அம்மா?"

"காலை ஒன்பதரையிலிருந்து அக்கா. சாப்பிடும்போது உட்காருவேன்."

அப்போது மாலை மணி ஏழு.

கடை ஊழியர்களுக்கு இருக்கை கட்டாயம் என்று தமிழ்நாட்டில் சட்டமே இருக்கிறது. 1947-ஆம் ஆண்டின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021-இல் திருத்தம் கொண்டுவந்து, வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போதெல்லாம் உட்கார வசதி செய்ய வேண்டும் என்று சேர்த்தார்கள். கேரளத்தில் இது 2018-லேயே வந்துவிட்டது. கோழிக்கோடு மிட்டாய்த் தெருவின் கடைப் பெண்கள் ஆண்டுக்கணக்கில் போராடி வாங்கிய உரிமை அது. இங்கே அந்தத் தளம் முழுக்கத் தேடினேன், ஊழியர்களுக்கென்று ஒரு ஸ்டூல்கூட இல்லை.

மேற்பார்வையாளரிடம் கேட்டேன். "வாடிக்கையாளர் வரும்போது உட்கார்ந்திருந்தால் மரியாதையாக இருக்காது மேடம்" என்றார்.

எனக்குச் சுரீரென்றது. அந்த வாடிக்கையாளர் நான்தானே? என் பெயரைச் சொல்லி ஒரு பெண்ணைப் பத்து மணி நேரம் நிற்க வைக்கிறார்கள். என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நாம் இத்தனை நாள் வாய் திறக்காததைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்கள். பில் போடும் இடத்தில் பத்து ரூபாய் கூடினால் சண்டை போடுகிற நாம், இதற்கு ஏன் பேசவில்லை?

ஆனால் நானும் ஒரு தவறு செய்துவிட்டேன். அந்தப் பெண்ணை வைத்துக்கொண்டே கேட்டேன். அவள் முகம் வெளுத்துப்போனது. "நான் ஒன்றும் சொல்லவில்லை சார்" என்று அவசரமாகப் புடவைகளை மடிக்கத் தொடங்கினாள். நான் வீட்டுக்கு வந்துவிட்டேன், நாளைக்கு அங்கே போய் நிற்கப்போகிறவள் அவள்.

அதனால் தீபாவளித் துணி எடுக்கப் போகிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். யாரையும் சுட்டிக்காட்டாதீர்கள். பணம் கட்டிவிட்டு மேலாளரைத் தேடிப் போய்ச் சொல்லுங்கள்: "உங்கள் ஊழியர்கள் உட்கார்ந்தபடி எனக்குத் துணி காட்டலாம். எனக்கு அதில் குறையில்லை. அடுத்த முறை வரும்போது இருக்கை இருக்கிறதா என்று பார்ப்பேன்." சொன்ன கடைக்கே மறுபடியும் போய்ப் பாருங்கள். நானும் பொங்கலுக்கு முன் அந்தக் கடைக்குப் போகிறேன்.