ஏப்ரல் 3-க்கு ஐந்து வரிகள்

மதுரை செல்லூரில் எங்கள் தெருமுனைப் படிப்பகத்தின் வாசலில் ஒரு கரும்பலகை இருக்கிறது. மேலே ஒரு குறள். கீழே 'வரலாற்றில் இன்று' என்ற தலைப்பில் ஐந்தே வரிகள், ஏனென்றால் அதற்கு மேல் எழுதினால் எழுத்து சிறுத்துச் சாலையில் நிற்பவர் கண்ணுக்கு எட்டாது. மூன்று ஆண்டுகளாக அதை எழுதிவருகிறவன் என்ற முறையில், அந்த ஐந்து வரிகளில் எதற்கு இடம் உண்டு என்பது பற்றி எனக்கு ஒரு பிடிவாதம் வந்துவிட்டது.

சென்ற ஏப்ரல் 3 அன்று நான் ஊரில் இல்லை. கல்லூரி மாணவர் ஒருவர் வாட்ஸ்அப்பில் வந்த பட்டியலைப் பார்த்துப் பலகையை நிரப்பியிருந்தார். சத்ரபதி சிவாஜி மறைவு, 1680. கையடக்கப் பேசியில் முதல் அழைப்பு, 1973. மீதி மூன்றும் திரைத்துறையினரின் பிறந்தநாள்கள். 1920-இல் அதே நாளில், உசிலம்பட்டிப் பக்கம் பெருங்காமநல்லூரில், சில சாதியினரைப் பிறவிக் குற்றவாளிகளாக நடத்திய குற்றப் பரம்பரைச் சட்டத்தின்படி கைரேகை பதிய மறுத்துத் திரண்ட பிறமலைக் கள்ளர் மீது போலீஸ் சுட்டதில், மாயக்காள் என்ற பெண் உட்பட 16 பேர் மாண்டது பலகையில் இல்லை. எங்கோ உட்கார்ந்து உலகப் பட்டியல் தயாரிக்கிறவருக்கு அது தெரியாமல் போனதில் குற்றமில்லை; மதுரையில் சாக்பீஸ் பிடிக்கிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

பிறந்தநாள்களை நான் பெரும்பாலும் தள்ளிவிடுகிறேன். பிறந்த அன்று யாரும் எதையும் செய்துவிடுவதில்லை. ஜூன் 18 வந்தால் கக்கனை எழுதச் சொல்வார்கள். நான் அவரை ஜூலை 8-இல் எழுதுவேன், ஏனென்றால் 1939-இல் அந்த நாளில்தான் வைத்தியநாத ஐயர் தலைமையில் அவரும் வேறு சிலரும் மீனாட்சியம்மன் கோயிலுக்குள் நுழைந்தார்கள். அதுவரை ஒடுக்கப்பட்ட மக்களுக்கு அடைத்திருந்த வாசல் அன்று திறந்தது.

இதை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் மேலூர்ப் பக்கத்து விவசாயி ஒருவர். முல்லைப் பெரியாறு அணையைக் கட்டிய பென்னிகுயிக்கின் பிறந்தநாளான ஜனவரி 15-ஐக் கம்பம் பள்ளத்தாக்கில் பொங்கல் வைத்துக் கொண்டாடுகிறார்கள். அந்த நன்றியில் குறை காண நான் யார்? நானும் அதைப் பலகையில் எழுதியிருந்தேன். அவர் நின்று படித்துவிட்டு, "பொறந்த நாளு சரி தம்பி, அணையைத் தொறந்த நாளு எது?" என்று கேட்டார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. வெட்கத்தோடு தேடிப் பார்த்தேன்: 1895 அக்டோபர் 10. அதே மாதம் 29-ஆம் தேதிக்கும் இப்போது ஒரு வரி வைத்திருக்கிறேன். 1886-இல் திருவிதாங்கூரோடு 999 ஆண்டுக் குத்தகை ஒப்பந்தம் கையெழுத்தான நாள் அது, இன்றைக்கும் வழக்குகள் அதைச் சுற்றித்தான் நடக்கின்றன.

தேதி உறுதியாகத் தெரியாததை, எவ்வளவு பெருமைக்குரியதாக இருந்தாலும், எழுதுவதில்லை. இங்கேதான் தமிழ் வரலாறு கையைக் கடிக்கிறது. ராஜராஜனுக்குத் தஞ்சையில் ஐப்பசிச் சதயத்தில் விழா எடுக்கிறார்கள். அந்த நட்சத்திரம் ஆண்டுக்கு ஆண்டு வேறு வேறு ஆங்கிலத் தேதியில் வந்து நிற்கும். மதுரை எரிந்த நாளைச் சிலப்பதிகாரம் ஆடி மாதம், தேய்பிறை, அட்டமி, வெள்ளிக்கிழமை என்று பஞ்சாங்கக்காரரைப் போலச் சொல்கிறது, ஆண்டை மட்டும் சொல்லவில்லை. இனித் தேதி தெரிந்தாலும் சண்டை தீராது: தமிழ்நாடு நாள் 1956-இல் மாநில எல்லைகள் அமைந்த நவம்பர் 1-ஆ, 1967-இல் பெயர் மாற்றத் தீர்மானம் நிறைவேறிய ஜூலை 18-ஆ? அரசே இரண்டையும் வெவ்வேறு காலத்தில் அறிவித்திருக்கிறது. நான் இரண்டு நாளிலும், அன்று நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன். 'தமிழ்நாடு நாள்' என்ற சொல்லைத் தொடுவதில்லை.

வரும் ஏப்ரல் 3-க்குப் பெருங்காமநல்லூருக்கு இரண்டு வரி என்று மாணவரோடு பேசி முடித்தாயிற்று. கையடக்கப் பேசிக்கு ஒரு வரி இருக்கட்டும் என்றார். இருக்கட்டும், அதுவும் அன்று நடந்ததுதான். சிக்கல் சிவாஜியில். அந்த 3-ஆம் தேதி, ஆங்கிலேயர் 1752 வரை வைத்திருந்த பழைய நாள்காட்டியின் கணக்கு. இன்றைய கணக்கில் அது ஏப்ரல் 13. "அப்ப பதிமூணுலயே எழுதிரலாமா சார்?" என்று கேட்டார். பதின்மூன்றில் ஜாலியன்வாலா பாக் இருக்கிறது. அதற்கே ஐந்து வரி போதாது என்றேன்.