சிரிக்க வைத்தவர் என்று சொன்னால் போதாதா?

அமெரிக்க நகைச்சுவை நடிகை லூசில் பாலைப் பற்றி இணையத்தில் சுற்றும் பதிவுகளைப் படித்தால் அவரை ஒரு தொழிலதிபர் என்றே நினைக்கத் தோன்றும். ஹாலிவுட் ஸ்டூடியோவுக்குத் தலைமை தாங்கிய முதல் பெண், ‘ஸ்டார் ட்ரெக்’ என்ற விண்வெளித் தொடருக்குப் பணம் போட்டவர், கணவரின் பங்குகளையே விலைக்கு வாங்கியவர் என்று அடுக்குகிறார்கள். (1919இல் யுனைடெட் ஆர்ட்டிஸ்ட்ஸ் திரைப்பட நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் நடிகை மேரி பிக்ஃபோர்டும் ஒருவர் என்பதை இவர்கள் வசதியாக மறந்துவிடுகிறார்கள்.) நடிப்பைப் பற்றி மட்டும் பேச்சே இல்லை. ஒரு பெண் முகத்தைக் கோணலாக்கி ஊரைச் சிரிக்க வைத்தால் அது விளையாட்டு, கம்பெனி நடத்தினால்தான் சாதனை என்கிற இந்தக் கணக்கு எனக்குப் பிடிக்கவில்லை.

1911இல் நியூயார்க் மாநிலத்தின் ஜேம்ஸ்டவுனில் பிறந்தவர். மூன்று வயதில் தந்தையை டைஃபாய்டுக்குப் பறிகொடுத்தார். பதின்வயதில் நியூயார்க் நாடகப் பள்ளியில் சேர்ந்தபோது, இந்தப் பெண்ணுக்கு நடிப்பு வராது என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். 1933இல் ஹாலிவுட் வந்தார். அதன்பின் ஏறக்குறைய இருபது வருடங்கள் கூட்டத்தில் ஒருத்தி, நாயகியின் தோழி, சின்ன பட்ஜெட் படங்களின் நாயகி என்றே காலம் போனது. ‘பி படங்களின் ராணி’ என்று பட்டம் வேறு கொடுத்தார்கள். ஆனால் அந்த வருடங்கள் வீண் இல்லை. எம்ஜிஎம் ஸ்டூடியோவில் இருந்தபோது மௌனப்பட மேதை பஸ்டர் கீட்டன் அவருக்கு வழிகாட்டியாக இருந்தார். கையில் இருக்கும் பொருளை வைத்து எப்படிச் சிரிக்க வைப்பது என்பது அவரிடம் கற்ற பாடம்.

அந்தப் பாடம் என்னவென்று பார்க்க வேண்டுமானால் 1952இல் ஒளிபரப்பான டானிக் விளம்பர அத்தியாயத்தைப் பாருங்கள். ‘ஐ லவ் லூசி’ என்ற டிவி நகைச்சுவைத் தொடரில் அவர் நடித்த லூசி ரிக்கார்டோ என்ற பாத்திரத்துக்கு எப்படியாவது மேடையேற வேண்டும், ஆனால் திறமை துளியும் கிடையாது. டானிக் விளம்பரம் ஒன்றில் நடிக்க வாய்ப்புக் கிடைக்கிறது. ஒத்திகைக்கு ஒத்திகை ஒரு கரண்டி குடிக்க வேண்டும். அதில் ஆல்கஹால் இருப்பது அவருக்குத் தெரியாது. முதல் கரண்டியில் புன்னகையை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும்போதே முகத்தின் மற்ற தசைகள் எல்லாம் கசப்பில் சுருங்குகின்றன. அடுத்தடுத்த கரண்டிகளில் கசப்பு ருசியாகிறது, சொற்கள் இடம் மாறுகின்றன, கரண்டி வாயைத் தேடுகிறது. திரும்பத் திரும்ப அதே வசனம்தான். ஒவ்வொரு முறையும் போதை எத்தனை ஏறியிருக்கிறது என்பதைப் பிசகாமல் காட்டுகிறார். திறமையில்லாத ஒருத்தியாக நடிக்க இத்தனை திறமை வேண்டியிருக்கிறது!

அதே ஆண்டு வந்த சாக்லேட் தொழிற்சாலைக் காட்சியைச் சொல்லவே வேண்டாம். நகரும் பட்டையில் சாக்லேட்டுகள் வேகமெடுக்க, லூசியும் தோழி எத்தலும் அவற்றை வாயிலும் தொப்பியிலும் சட்டைக்குள்ளும் திணிக்கிறார்கள். எத்தலாக நடித்த விவியன் வான்ஸ் இல்லாவிட்டால் அந்தக் காட்சியில் பாதி காணாமல் போயிருக்கும். கதாசிரியர்களில் ஒருவரான மேடலின் ப்யூ, ஒரு பெண்ணால் இதைச் செய்ய முடியுமா என்று பல வித்தைகளைத் தானே செய்து பார்த்த பிறகுதான் காகிதத்தில் எழுதுவாராம். லூசில் பால் தன்னை வேடிக்கையான ஆளாக ஒருபோதும் நினைத்ததில்லை. எழுதுகிறவர்கள்தான் வேடிக்கையானவர்கள், தனக்கு இருப்பது துணிச்சல் என்பார். பாதி அடக்கம், பாதி உண்மை.

தொழிலதிபர் கதை சொல்கிறவர்கள் செய்யும் இன்னொரு அநியாயம், அவர் கணவர் டெஸி ஆர்னாஸை ஓரங்கட்டுவது. கியூபாவில் பிறந்த இசைக்கலைஞரான அவரைத் தொடரிலும் கணவனாகப் போட லூசில் பால் கேட்டபோது, தொடரை ஒளிபரப்பிய சிபிஎஸ் டிவி நிறுவனம் தயங்கியது. லூசி விட்டுக்கொடுக்கவில்லை. அன்றைய நிகழ்ச்சிகள் பெரும்பாலும் நியூயார்க்கிலிருந்து நேரலையாகப் போகும். மற்ற ஊர்களுக்கு, டிவி திரையையே படம்பிடித்த மங்கலான பிரதிதான். ஹாலிவுட்டை விட்டு நகர மாட்டோம் என்ற தம்பதி, 35 மில்லிமீட்டர் ஃபிலிமில், மூன்று கேமராக்களோடு, பார்வையாளர்கள் முன்னிலையில் எடுக்க முடிவு செய்தார்கள். ஒளிப்பதிவுக்கு ‘மெட்ரோபோலிஸ்’ படத்தில் பணியாற்றிய கார்ல் ஃப்ராய்ண்ட். கூடுதல் செலவுக்கு ஈடாகச் சம்பளத்தைக் குறைத்துக்கொண்டு, அத்தியாயங்களின் உரிமையைத் தங்கள் டெஸிலு நிறுவனத்துக்கு வாங்கிக்கொண்டார்கள். மறுஒளிபரப்பில் காசு இருக்கிறது என்று அன்று யாருக்குத் தெரியும்? அந்த உரிமையைப் பின்னாளில் சிபிஎஸ்ஸுக்கே பெரும் தொகைக்கு விற்றார்கள். லூசி ஒருகாலத்தில் ஒப்பந்த நடிகையாக இருந்த ஆர்கேஓ ஸ்டூடியோவை 1957இல் விலைக்கு வாங்கினார்கள். இதில் டெஸியின் மூளைக்குப் பெரிய பங்கு உண்டு. குடியும் பிற பெண்களின் தொடர்பும் 1960இல் மணமுறிவில் முடிந்தன என்பதற்காக அதை அழித்துவிட முடியாது.

அமெரிக்காவில் கம்யூனிஸ்ட் வேட்டை நடந்துகொண்டிருந்த 1953இல், லூசி முன்பு ஒருமுறை கம்யூனிஸ்ட் கட்சிக்காரராக வாக்காளர் பதிவு செய்தது செய்தியாக வெடித்தது. தாத்தாவின் மனம் குளிரச் செய்தது என்றார் லூசி. “லூசியிடம் சிவப்பாக இருப்பது தலைமுடி ஒன்றுதான், அதுவும் அசல் இல்லை” என்று டெஸி பார்வையாளர்களிடம் சொன்னதும் அரங்கம் சிரித்தது. பலரின் வாழ்க்கையைச் சிதைத்த அந்தப் புயலை இந்த வீடு நகைச்சுவையால் தாண்டியது.

1962இல் டெஸியின் பங்குகளை வாங்கி டெஸிலுவின் தலைவரானார் லூசி. செலவு தாங்காது என்று நிறுவனத்துக்குள்ளேயே எழுந்த எதிர்ப்பை மீறி ‘ஸ்டார் ட்ரெக்’கைத் தொடர அனுமதித்தார். 1967இல் டெஸிலுவை 1.7 கோடி டாலருக்கு விற்றார். டெஸிலுவின் தலைவர் நாற்காலியில் அவர் இருந்தது ஐந்தே வருடங்கள். நடித்தது அரை நூற்றாண்டு.

எல்லாம் நன்றாக அமைந்தது என்று சொல்ல மாட்டேன். 1974இல் வந்த ‘மேம்’ படத்தில் அவருக்குப் பொருந்தாத வேடம். 1986இல் 75 வயதில் மறுபடி அதே துள்ளலோடு வந்த தொடரில் எட்டு அத்தியாயங்களே ஒளிபரப்பாகின. 1989இல் காலமானார். புதிதாகப் பார்க்கிறவர்கள் இந்த இரண்டையும் விட்டுவிட்டு டானிக் அத்தியாயத்தில் தொடங்குங்கள், அடுத்து சாக்லேட். அதன்பின் பேசாமலே சிரிக்க வைக்கும் நகைச்சுவை நடிகர் ஹார்ப்போ மார்க்ஸுக்கு எதிரே கண்ணாடிப் பிம்பமாக நிற்கும் 1955ஆம் ஆண்டு அத்தியாயம். ‘ஸ்டார் ட்ரெக்’ கதையைப் பிறகு படித்துக்கொள்ளலாம்.