மேசைக்கு அடியில் 22 நிமிடம்

அக்கா மகள் போன வாரம் நடுராத்திரியில் கூப்பிட்டாள். அமெரிக்காவில் ஸ்பீச் தெரபி முதுகலை, கடைசி செமஸ்டர். அந்த நேரத்தில் போன் அடித்தால் முதலில் வயிற்றைக் கலக்கத்தான் செய்யும். எடுத்தால், "சித்தி, ஒரு சின்னச் சந்தேகம். இன்னிக்கு ஒரு பையன் மேசைக்கு அடியில போய் உக்காந்துட்டான். வெளிய வரவே மாட்டேன்னுட்டான். சரின்னு நானும் உள்ள போய் உக்காந்தேன். 22 நிமிஷம். இதை ஹவர்ஸ்ல எழுதலாமா?"

சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. பட்டம் வாங்க இன்னும் 9 மணி நேரப் பயிற்சி பாக்கி, மூன்று வாரம்தான் இருக்கிறது, இரண்டு பேஷண்ட் தொடர்ந்து லீவு. நானும் ஒரு காலத்தில் இப்படி நிமிடம் நிமிடமாக எண்ணியவள்தான். இன்று மாணவர்களின் கணக்கில் கையெழுத்துப் போடும் இடத்தில் இருக்கிறேன். அன்று சட்டென்று பதில் சொல்ல வரவில்லை. ரொம்ப நாளாக மனதில் கிடப்பதை இங்கே எழுதிவிடலாம் என்று தோன்றியது.

துறைக்கு வெளியே இருப்பவர்களுக்குக் கொஞ்சம் விளக்கம். அங்கே ஆஷா என்று ஒரு சங்கம், அமெரிக்கப் பேச்சு, மொழி, செவித்திறன் சங்கம். (ஆஷா என்பது மகளுடைய டீச்சர் பெயர் என்றே என் அக்கா ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தாள். "அந்த ஆஷா ஏன் இவ்ளோ கறாரா இருக்கா?" என்று கேட்டிருக்கிறாள்.) அதன் சான்றிதழ் வேண்டுமென்றால் 400 மணி நேரக் கிளினிக்கல் பயிற்சி காட்ட வேண்டும். அதில் 25 மணி நேரம் பிறர் செய்வதைக் கவனிப்பது. மீதி 375 மணி நேரம் நேரடியாக நோயாளியோடு. மொத்தத்தில் 325 மணி நேரமாவது முதுகலைப் படிப்பின்போது முடித்ததாக இருக்க வேண்டும்.

400 என்றதும் "பத்து வாரம் வேலைக்குப் போனால் முடிந்ததே" என்பார்கள். முடியாது. பரிசோதனை, சிகிச்சை, அது தொடர்பாக வீட்டாரோடு உட்கார்ந்து பேசுவது, அவர்களுக்குப் பயிற்சி சொல்லிக்கொடுப்பது, இதெல்லாம் கணக்கில் வரும். முதல் நாள் ராத்திரி உட்கார்ந்து படம் வெட்டிப் பாடம் தயாரித்தது வராது. ரிப்போர்ட் எழுதியது வராது. பஸ் பிடித்துப் போய் "இன்று பேஷண்ட் வரவில்லை" என்று கேட்டுத் திரும்பியது வராது. 45 நிமிடம் பார்த்தால் 0.75 தான், ஒரு மணி என்று எழுத முடியாது. இரண்டு மாணவர்கள் ஒரே பேஷண்டைப் பார்த்தால் அந்த நேரம் இருவருக்கும் முழுசாகக் கிடைக்காது, பங்கு போட வேண்டும். அதனால் 400 என்று காகிதத்தில் இருப்பது, வாழ்க்கையில் அதைப்போல இரண்டு மூன்று மடங்கு.

இந்த எண்ணைக் குறைக்கச் சொல்பவர்களும் உண்டு, கூட்டச் சொல்பவர்களும் உண்டு. எனக்கு அந்தச் சண்டையில் ஆர்வம் இல்லை. சான்றிதழ் ஒன்றுதான், ஆனால் அதை வைத்துக்கொண்டு யார் யாரைத் தொடலாம் என்று பாருங்கள். குறைமாதத்தில் பிறந்து பால் உறிஞ்சத் தெரியாத சிசு. திக்கிப் பேசும் கல்லூரிப் பையன். கத்திக் கத்திக் குரல் கட்டிப்போன ஆசிரியை. பக்கவாதத்தில் மனைவியின் பெயரை மறந்துபோனவர். புற்றுநோயால் குரல்வளையையே எடுத்துவிட்டவர். கண் அசைவால் எழுத்துகளைத் தேர்ந்தெடுத்துப் பேசுகிறவர். விதி ஒன்பது பிரிவுகளைச் சொல்கிறது, எல்லா வயதினரோடும் அனுபவம் வேண்டும் என்கிறது. ஒவ்வொன்றிலும் இத்தனை மணி நேரம் என்று பிரித்துச் சொல்லவில்லை. ஆகவே பெரும்பகுதியைப் பள்ளிக்கூடத்தில் ர, ஸ உச்சரிப்புத் திருத்தியே முடித்த பெண்ணும், பெரும்பகுதியை மருத்துவமனையில் முடித்த பெண்ணும் ஒரே சான்றிதழோடு வெளியே வருகிறார்கள். 400ஐ 600 ஆக்கினாலும் இது மாறிவிடப் போவதில்லை.

என் கோபமெல்லாம் இன்னொரு எண் மேல். 25 சதவீதம்.

மாணவர் ஒவ்வொரு நோயாளியோடும் செலவிடும் நேரத்தில் குறைந்தது கால்பங்கை மேற்பார்வையாளர் அந்த நேரத்திலேயே பார்த்திருக்க வேண்டும். வீடியோவைப் பிறகு ஓட்டிப் பார்ப்பது இந்தக் கணக்கில் சேராது. மாணவருக்கு எவ்வளவு தெரியும் என்பதைப் பொறுத்து இதைக் கூட்டிக்கொள்ள வேண்டும் என்றும் அதே விதி சொல்கிறது. நல்ல விதிதான். ஆனால் நடைமுறையில் அந்த "குறைந்தது" என்ற சொல்லை யார் படிக்கிறார்கள்? முதல் வாரம் வந்த பிள்ளைக்கும் கால்பங்கு, கடைசி வாரம் முடிக்கிற பிள்ளைக்கும் கால்பங்கு. காரணமும் எனக்குத் தெரியும், நானும் அதே குற்றவாளி. மேற்பார்வையாளருக்கும் தன் பேஷண்ட் பட்டியல் இருக்கிறது, தினமும் இத்தனை பேரைப் பார்த்தாக வேண்டும் என்ற கணக்கு இருக்கிறது, மாணவர் வந்ததற்காக அதிலிருந்து ஒருவர்கூடக் குறைவதில்லை. பெரும்பாலான இடங்களில் இதற்குத் தனிச் சம்பளமும் கிடையாது. மாணவர் ஒரு அறையில், நான் பக்கத்து அறையில், நடுவில் எட்டிப் பார்த்து "எல்லாம் ஓகேவா?" என்று கேட்டுவிட்டுப் போன நாட்கள் எனக்கும் உண்டு.

என் மாணவப் பருவத்தில் ஒரு நாள். மருத்துவமனையில் பயிற்சி. பக்கவாதம் வந்து நாலு நாள் ஆன பெரியவர். சரியாக விழுங்குகிறாரா என்று பார்க்க வேண்டும், அதுவும் எங்கள் வேலைதான். ஸ்பூனில் தண்ணீர் கொடுத்தேன், விழுங்கினார். தொண்டை மேலே ஏறி இறங்கியதை விரல் வைத்துப் பார்த்தேன். இருமவில்லை. கையிலிருந்த தாளில் இருமல் இல்லை என்ற கட்டத்தில் டிக் போட்டேன். கதவோரம் நின்ற மேற்பார்வையாளர் மெதுவாக, "ஆன்னு சொல்லச் சொல்லு" என்றார். பெரியவர் "ஆ" என்றார். வாய் கொப்பளிக்கும்போது பேசினால் எப்படி இருக்குமோ அப்படி ஒரு ஈரக் குரல். நான் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தேன், அவர் காதைக் கொடுத்துக்கொண்டிருந்தார். அப்புறம் எக்ஸ்ரேயில் தெரிகிற பேரியம் கலந்ததை விழுங்கக் கொடுத்து எக்ஸ்ரே வீடியோ எடுத்தார்கள். திரையில் குரல் நாண்களுக்குக் கீழே கறுப்பாக ஒரு கோடு மூச்சுக்குழாய்க்குள் இறங்குகிறது, மனிதர் முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லை. சிலருக்கு அந்த உணர்ச்சியே போய்விடும், நுரையீரலுக்குள் தண்ணீர் போனாலும் இருமல் வராது. புத்தகத்தில் படித்துத் தேர்வில் எழுதி மார்க்கும் வாங்கியிருந்தேன். மேற்பார்வையாளர் அன்று அந்த முக்கால்பங்கு நேரத்தில் காபி குடிக்கப் போயிருந்தால்?

இதைச் சொல்லும்போது எனக்கு எப்போதும் மேரி டியூடர் நினைவு வரும். 1939இல் அயோவா பல்கலைக்கழகத்தில் முதுகலை மாணவி. வெண்டல் ஜான்சன் அவருடைய வழிகாட்டி, துறையில் பெரிய பெயர், தானே திக்கிப் பேசியவர். ஓர் அனாதை இல்லத்தில் 22 குழந்தைகளை வைத்து ஆய்வு. நன்றாகப் பேசிக்கொண்டிருந்த சில குழந்தைகளிடமும் பேச்சில் கோளாறு இருப்பதாகச் சொன்னார்கள். அந்தப் பிள்ளைகள் வாயைத் திறக்கவே தயங்க ஆரம்பித்தார்கள். டியூடர் பிறகு திரும்பத் திரும்பப் போய்ச் சரிசெய்யப் பார்த்தார். பல்கலைக்கழகம் மன்னிப்புக் கேட்டது 2001இல். அது ஆய்வு, பயிற்சி இல்லை என்பது தெரியும், யோசனையே வழிகாட்டியுடையது என்பதும் தெரியும். ஆனால் மாதக்கணக்கில் அந்தக் குழந்தைகள் முன்னால் போய் உட்கார்ந்தது மாணவிதான்.

"இப்போ தெரியலைன்னா என்ன, முதல் வருட வேலையில் கற்றுக்கொள்வார்கள்" என்று ஒரு சமாதானம் உண்டு. பட்டத்துக்குப் பிறகு கிளினிக்கல் ஃபெல்லோஷிப், குறைந்தது 36 வாரம், 1260 மணி நேரம். சரி, அதில் வழிகாட்டி நேரில் கவனிக்க வேண்டியது எவ்வளவு? 18 மணி நேரம். நூற்றுக்கு ஒன்றரைகூட இல்லை. அதுபோக 18 முறை வேறு வகையில் கண்காணிக்க வேண்டும், ரிப்போர்ட்டைப் பார்ப்பது, கூட வேலை செய்கிறவர்களிடம் விசாரிப்பது மாதிரி. பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து கவனிப்பது முதுகலைப் படிப்போடு ஏறத்தாழ முடிந்துவிடுகிறது.

சிமுலேஷன் பற்றியும் கேட்பீர்கள். நேரடி மணிகளில் 75 வரை அப்படிச் செய்யலாம் என்று விதி இருக்கிறது. பொம்மை, கணினி நோயாளி, நோயாளியாக நடிக்கப் பழகியவர். நான் எதிர்ப்பாளி இல்லை. பாதியில் நிறுத்தி "இங்கே என்ன கேட்டது?" என்று பேசலாம், யாருக்கும் புரையேறாது. ஆனால் பேஷண்ட் கிடைக்கவில்லை என்பதற்காக அதில் தள்ளிவிடுவதும் நடக்கிறது.

அப்புறம் இது. 2020இல் நடைமுறைக்கு வந்த விதிப்படி, மேற்பார்வை செய்யச் சான்றிதழ் வாங்கிய பிறகு 9 மாத முழுநேர அனுபவம் வேண்டும், மேற்பார்வை செய்வது பற்றி 2 மணி நேரப் பயிற்சி வேண்டும். இரண்டு மணி நேரம்! அதற்கு முன்பு அதுவும் கேட்கவில்லை என்பதால் முன்னேற்றம்தான். ஆனால் கற்றுக்கொள்ள 400, கற்றுக்கொடுக்க 2. என் கையில் இருந்தால் 400ஐத் தொட மாட்டேன். முதல் சில வாரங்கள் முழுநேரம் கூடவே இருக்க வேண்டும் என்று எழுதுவேன். அந்த நேரத்தை மேற்பார்வையாளரின் வேலை நேரமாகக் கணக்கு வைக்காத இடத்துக்கு மாணவரை அனுப்ப மாட்டேன். இடம் கிடைக்காமல் பல்கலைக்கழகங்கள் திண்டாடும் என்பார்கள். திண்டாடட்டும், வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவான பேரைச் சேர்க்கட்டும்.

சரி, மேசைக்கு வருகிறேன்.

"உன் சூப்பர்வைசர் என்னடி சொன்னாங்க?" என்று கேட்டேன்.

"அவங்க அப்ப மீட்டிங்ல இருந்தாங்க சித்தி. யாரும் பாக்கல. அதான் உங்களைக் கேக்கறேன்."

"உள்ள போய் என்ன பண்ணினே?"

"ஒண்ணும் பண்ணல. அவன் கார் உருட்டினான், நானும் உருட்டினேன். அவன் டுர்ர்ன்னான், நானும் டுர்ர்ன்னேன். ஒரு தடவை நான் காரைப் பிடிச்சுக்கிட்டுச் சும்மா இருந்தேன். என் முகத்தைப் பாத்தான். அப்புறம் 'போ'ன்னான்."

"பேசுவானா அவன்?"

"இதுவரைக்கும் என்கிட்ட ஒரு வார்த்தை பேசினதில்ல."

"எத்தனை தடவை சொன்னான்?"

"நாலு."

கொஞ்ச நேரம் எனக்குப் பேச்சு வரவில்லை. அவனைப் பின்பற்றியது, முறை வைத்து மாறி மாறி விளையாடியது, நிறுத்திக் காத்திருந்தது, எல்லாம் சொல்லிக்கொடுக்கிற விஷயங்கள்தான். இவள் அதை ஒண்ணும் பண்ணல என்கிறாள். பார்த்துச் சொல்ல ஆள் இல்லை, அவ்வளவுதான்.

"நான் சொல்லி ஆகாதுடி, கையெழுத்து அவங்களோடது. இதை எனக்குச் சொன்ன மாதிரியே அவங்ககிட்ட சொல்லு. சரின்னா எழுது. 22ன்னு எழுது, அரை மணின்னு எழுதிடாதே."

நேற்று மெசேஜ் வந்தது. ஒப்புக்கொண்டார்களாம். அடுத்த செஷனுக்கு அவர்களும் உள்ளே வந்து உட்காரப் போகிறார்களாம். கீழே இன்னொரு வரி: "மேசை ரொம்பச் சின்னது சித்தி."