இவான் கூலகாங்கும் எங்கள் ஊர்ப் பொங்கல் விளையாட்டும்

1980 விம்பிள்டன் டென்னிஸ் பெண்கள் ஒற்றையர் இறுதியாட்டத்தில் கிறிஸ் எவர்ட்டை 6-1, 7-6 என்று வென்றார் ஆஸ்திரேலியாவின் இவான் கூலகாங். அப்போது அவருடைய மகளுக்கு மூன்று வயது. அதற்கு முன்பு ஒரு தாய் அங்கே ஒற்றையர் பட்டம் வென்றது 1914-இல். கூலகாங்குக்குப் பிறகு எந்தத் தாயும் அங்கே ஒற்றையர் பட்டம் வென்றதில்லை.

கல்யாணம் ஆனதும் பெண்ணின் விளையாட்டு முடிந்துவிட்டது என்று சாதாரணமாகச் சொல்லிவிடும் எங்கள் இராமநாதபுரம் கடற்கரையில், இந்தப் பெண்ணின் கதை எல்லா வீட்டுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

வசதியான வீட்டுப் பிள்ளை இல்லை அவர். பாரெல்லன் என்ற சின்ன ஊரில், ஆட்டு ரோமம் கத்தரிக்கும் தொழிலாளியின் எட்டுப் பிள்ளைகளில் ஒருவர். விராஜுரி என்ற ஆஸ்திரேலியப் பழங்குடியைச் சேர்ந்தவர். பழங்குடிக் குழந்தைகளை அரசே பெற்றோரிடமிருந்து பிரித்துக் கொண்டுபோன காலம் அது. ஊருக்குள் புதிய கார் வந்தால் ஒளிந்துகொள்ளச் சொல்லி அம்மா வளர்த்த பிள்ளை. டென்னிஸ் திடலின் வேலிக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தவரை, உள்ளே வந்து ஆடு என்று கூப்பிட்டவர் பில் கர்ட்ஸ்மன் என்ற உள்ளூர்க்காரர். அப்படி ஒருவர் கூப்பிடாமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அடிக்கடி யோசிப்பேன். 1971-இல், இருபது வயது நிறைவதற்குள், பிரெஞ்சு ஓப்பனையும் விம்பிள்டனையும் வென்றுவிட்டார்.

1977 மே மாதம் மகள் பிறந்தாள். அதே ஆண்டு டிசம்பரில் ஆஸ்திரேலிய ஓப்பன் பட்டம். பிறகு காயங்கள், இடைவெளிகள், எல்லாம் தாண்டி 1980. ஒற்றையரில் மொத்தம் ஏழு கிராண்ட்ஸ்லாம், அதாவது டென்னிஸின் நான்கு பெரிய போட்டிகளில் வென்ற பட்டங்கள். 1976-இல் இரண்டு வாரம் அவர் உலகின் முதலிடத்தில் இருந்ததையே கணக்கில் விட்டுவிட்டு, 2007-இல்தான் கண்டுபிடித்து அறிவித்தார்கள். அதை நினைத்தால் எனக்கு இப்போதும் மனம் ஆறவில்லை.

இனி நம் கரைக்கு வருகிறேன். சின்னப்பாலத்திலும் ஏர்வாடிப் பக்கமும் கடல்பாசி எடுக்கப் போகும் பெண்களைப் பாருங்கள். கண்ணாடி மாட்டி, விரல்களில் துணி சுற்றி, காலில் தட்டுக் கட்டி, இடுப்பில் வலைப்பையோடு மூச்சடக்கி மூழ்குகிறார்கள். பாறை கையைக் கிழிக்கிறது. பெரும்பாலோர் பிள்ளை பெற்றவர்கள். பேரன் பேத்தி எடுத்தவர்களும் உண்டு. சின்னப்பாலத்து லட்சுமி மூர்த்திக்கு 2015-இல் தீவுகளின் சூழலைக் காப்பவர்களுக்குத் தரும் சீகாலஜி விருது கிடைத்ததும் இந்தத் தொழிலில் நின்று பெண்களைத் திரட்டியதற்காகத்தான். இவர்களிடம் யாரும், "பிள்ளை பெற்ற உடம்பு, கடலுக்குப் போகாதே" என்று சொல்வதில்லை. அந்த வருமானத்தில்தான் அடுப்பு எரிகிறது. அதே பெண் சாயங்காலம் ஒரு மணி நேரம் வாலிபால் ஆடக் கேட்டால், பிள்ளை பெற்ற உடம்பு என்ற பேச்சு உடனே வந்துவிடுகிறது. உடம்பைப் பற்றிய அக்கறை என்றால் இரண்டு இடத்திலும் இருக்க வேண்டும். இது அக்கறையே இல்லை. பெண் தன் மகிழ்ச்சிக்காக ஓடுவதைப் பொறுக்க முடியாத மனம்.

பிள்ளை பெற்ற பின் விளையாடுவது பணமும் ஆள் துணையும் உள்ளவர்களுக்குத்தான் நடக்கும் என்பார்கள். பாதி உண்மை. 2009-இல் பெல்ஜியத்தின் டென்னிஸ் வீராங்கனை கிம் கிளைஸ்டர்ஸ் குழந்தை பெற்ற பின் திரும்பி வந்து அமெரிக்க ஓப்பனை வென்றபோது அவரைச் சுற்றிப் பலர் இருந்தார்கள். ஆனால் டென்னிஸ் வீராங்கனைகள் விடாமல் கேட்டதால்தான், மகப்பேற்றுக்குப் பிறகு போட்டிகளில் சேரப் பழைய தரவரிசையைப் பயன்படுத்தும் காலம் மூன்று ஆண்டாக நீண்டது. 2025-இல் சம்பளத்தோடு மகப்பேறு விடுப்பும் வந்தது. நம் ஊரில் தேவைப்படுவது இதைவிட மிகச் சிறியது: மாமியாரோ நாத்தனாரோ கணவனோ ஒரு மணி நேரம் பிள்ளையைப் பார்த்துக்கொள்வது. அப்புறம் ஒரு விளக்கு எரியும் திடல்.

முதலமைச்சர் கோப்பையில் பொதுமக்களுக்கென்றே பிரிவு இருக்கிறது. அங்கே போய் நிற்க நம் அக்காக்களுக்கு எங்கே பயிற்சி? பொங்கல் விளையாட்டில் ஆண்களுக்குக் கபடி, வாலிபால், ஓட்டம் என்று வைத்துவிட்டு, கல்யாணமான பெண்களுக்குக் கோலப்போட்டியும் மியூசிக்கல் சேரும் வைக்கிறோம். கடலில் மூழ்கி எழும் பெண்ணை நாற்காலியைச் சுற்றி நடக்கவிடுகிறோம்.

விழாக் குழுவில் இருக்கும் தம்பிகளுக்குச் சொல்கிறேன். வரும் தைப்பொங்கலுக்குக் கல்யாணமான பெண்களுக்கு 400 மீட்டர் ஓட்டமும் வாலிபாலும் வையுங்கள். ஆண்களுக்கு என்ன பரிசோ அதே பரிசு. ஆட்டம் நடக்கும்போது பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள மைதானத்தின் ஓரத்தில் ஒரு பந்தல் போடுங்கள். பந்தல் செலவு என்னுடையது. அங்கே உட்கார்ந்து பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளவும் நான் வருகிறேன்.