பங்கு வாங்காத பங்குதாரர்கள்

'ஸ்டேக்ஹோல்டர்' என்பதைத் தமிழில் 'பங்குதாரர்' என்று எழுதும்போதெல்லாம் எனக்கு மனசு ஒப்புவதில்லை. பங்கு வாங்கியவர் பங்குதாரர், சரி. ஒரு பங்குகூட வாங்காமல், கம்பெனி எடுக்கும் முடிவால் நல்லதோ கெட்டதோ அனுபவிக்கிற தொழிலாளியையும் பக்கத்துத் தெருக்காரரையும் என்னவென்று சொல்வது?

பெங்களூரில் 15 வருடமாகக் கார்ப்பரேட் கம்யூனிகேஷன், அதாவது கம்பெனி சொல்ல வேண்டியதை ஊழியர்களுக்கும் வெளியாருக்கும் எழுதிச் சொல்லும் வேலையில் இருக்கிறேன். முன்பு பீன்யாவில் ஒரு தொழிற்சாலையில் இருந்தபோது காலை ஷிஃப்டை 6 மணியிலிருந்து 5.30க்கு மாற்றினார்கள். முடிவெடுத்த பிறகுதான் என்னைக் கூப்பிட்டார்கள். "நல்லா ஒரு சர்க்குலர் எழுதிக் கொடுங்க." ஆங்கிலத்திலும் கன்னடத்திலும் எழுதி நோட்டீஸ் போர்டில் ஒட்டினோம். மூன்றாம் நாள், பெண்கள் வேலை பார்க்கும் லைனில் பாதி இடம் காலி. 'வேலை செய்ய மனசில்லை' என்று மேலே பேசிக்கொண்டார்கள்.

கேட்டுக்கு எதிரே இருந்த டீக்கடையில் போய் நின்றேன். ஸ்ரீராம்புரத்திலிருந்து வரும் ஓர் அக்கா டீ கிளாஸை பெஞ்சில் வைத்துவிட்டுச் சொன்னார்: "சீக்கிரம் எழுந்திருக்கிறது கஷ்டமே இல்ல சார். எங்க தெருக் குழாயில தண்ணி வர்றதே நாலரைக்கு. அதுவும் ஒருநாள் விட்டு ஒருநாள். குடத்தை ரொப்பி வெச்சுட்டு பஸ்ஸைப் பிடிச்சு அஞ்சரைக்கு எப்படி வர்றது?"

இந்தத் தண்ணீர் விஷயம் எந்த மேலாளருக்கும் தெரியாது. விசாரித்துச் சொல்லியிருக்க வேண்டியவன் நான். அதைக் கொண்டுபோய்ச் சொன்ன அடுத்த வாரமே ஷிஃப்ட் பழையபடி 6 மணிக்கு வந்தது.

2013 கம்பெனிகள் சட்டத்தில், 178ஆம் பிரிவு ஸ்டேக்ஹோல்டர்களுக்கென்று ஒரு கமிட்டி போடச் சொல்கிறது. ஆனால் அது கேட்பது பங்கும் கடன்பத்திரமும் வைத்திருப்பவர்களின் குறைகளைத்தான். அந்த அக்கா அதில் வரமாட்டார். அதே சட்டத்தின் 166ஆம் பிரிவு, இயக்குநர்கள் ஊழியர், சமூகம், சுற்றுச்சூழல் ஆகியவற்றின் நலனையும் பார்க்க வேண்டும் என்கிறது. அக்காவுக்கு இடம் அங்கே இருக்கிறது. அவர் குரலை இயக்குநர்கள் அறைக்குள் கொண்டுபோக ஓர் ஆள் வேண்டாமா? என்னைக் கேட்டால், எங்கள் தொழிலே அதுதான். பத்திரிகைச் செய்தி எழுதுவது, படம் போடுவது எல்லாம் அப்புறம். முடிவெடுக்கிற கூட்டத்துக்கே எங்களைக் கூப்பிடுங்கள். முடிந்த பிறகு கூப்பிட்டால் எங்களால் வார்த்தையை மட்டும்தான் மாற்ற முடியும்.

போன மாதம் எங்கள் குழுவில் ஒரு பெண் புதிதாகச் சேர்ந்தாள். முதல் வாரம் முழுக்கத் தொழிலாளர்கள் கேண்டீனிலேயே சாப்பிடச் சொன்னேன். கோலார் தங்கவயலிலிருந்து தினமும் ரயிலில் வந்து போகும் பையன்கள் ஏன் ஓவர்டைம் வேண்டாம் என்கிறார்கள் என்று நாங்கள் ரொம்ப நாளாகக் குழம்பிக்கொண்டிருந்தோம். நான்காம் நாளே கேட்டுக்கொண்டு வந்துவிட்டாள். ஓவர்டைம் முடிந்து ஸ்டேஷனுக்குப் போவதற்குள் அவர்களுடைய ரயில் போய்விடுகிறதாம்.