பரிசலைப் பற்றிச் சொல்கிறார்கள், பஸ்ஸைப் பற்றி அல்ல

பழைய மடிக்கணினி, 2 ஜிபி நினைவகம். டெபியன் லினக்ஸ் என்ற இயங்குதளத்தை நிறுவும்போது டெஸ்க்டாப் (சின்னங்களும் சன்னல்களும் உள்ள திரை) என்ற கட்டத்தைக் குறிக்காமல் விட்டுவிட்டேன். கிடைத்தது கறுப்புத் திரையும் கண்சிமிட்டும் ஒரு கோடும்.

டெஸ்க்டாப்பைப் பிறகு சேர்ப்பது எப்படி என்று வழிகாட்டிகளைத் தேடினால், எடுத்த எடுப்பில் "உங்கள் விண்டோ மேனேஜரைத் தேர்ந்தெடுங்கள்" என்கிறார்கள். அடுத்த வரியில் டிஸ்ப்ளே மேனேஜராம். தருமபுரி பஸ் நிலையத்தில் ஒகேனக்கலுக்கு வழி கேட்டவனுக்குப் பென்னாகரம் வழியாகப் போகும் பஸ்ஸைக் காட்டாமல், பரிசலில் எப்படி உட்கார வேண்டும் என்று விளக்குவதைப் போல!

இரண்டு இரவுகள் போயின. விண்டோ மேனேஜர் சன்னல்களுக்குச் சட்டம் போடுகிறது. டிஸ்ப்ளே மேனேஜர் கடவுச்சொல் கேட்டு உள்ளே விடுகிறது. அவ்வளவுதான். இதை எழுத ஒரு வரி போதாதா? லினக்ஸுக்கு டெஸ்க்டாப் தரும் கேடிஇ 1996-இல் தொடங்கிய திட்டம். இத்தனை ஆண்டுகளில் ஒருவருக்குமா தோன்றவில்லை? (தமிழில் தேடிய கதையைக் கேட்காதீர்கள்.)

கடைசியில் எனக்கு வேண்டியிருந்தது டாஸ்க்செல் என்ற ஒரே கட்டளை. எல்லா அதிகாரமும் உள்ள ரூட் பயனராக அதை இயக்கி, பட்டியலில் எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான டெஸ்க்டாப்பைக் குறித்தால் மற்றவை தாமாகவே இறங்கிவிடுகின்றன. அது ஒரு வழிகாட்டியின் அடிக்குறிப்பில் கிடந்தது, "இது உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும்" என்ற முன்னுரையோடு.