நிக்கான் டி850 கேமராவில் மேனுவல் மட்டும்தானா? இல்லை

நிக்கான் டி850 கேமராவில் மோட் டயல் (எடுக்கும் முறையை மாற்றும் சக்கரம்) கிடையாது, அதனால் எல்லாவற்றையும் நாமே அமைக்கும் மேனுவலில் மட்டும்தான் எடுக்க முடியும், புதியவர்கள் வாங்க வேண்டாம் என்று ஒரு தம்பி எழுதியிருக்கிறார். அது தவறு. இடப்பக்கம் மேலே இருக்கும் மோட் பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டு பின்னால் கட்டைவிரலுக்குக் கீழே உள்ள சக்கரத்தைச் சுற்றினால் பி (ஷட்டர் வேகம், லென்ஸ் துளை இரண்டையும் கேமராவே பார்த்துக்கொள்ளும்), எஸ் (ஷட்டர் வேகம் மட்டும் நம் கையில்), ஏ (லென்ஸ் துளை மட்டும் நம் கையில்), எம் (மேனுவல்) நான்கும் மேல் திரையில் வரும். இல்லாதது எல்லாவற்றையும் கேமராவே முடிவு செய்யும் பச்சை ஆட்டோவும், காட்சிக்கேற்ற சீன் மோடுகளும்தான்.

குழப்பம் எங்கே வருகிறது தெரியுமா? மோட் பட்டனையும் அதன் பக்கத்துப் பட்டன்களையும் சுற்றியுள்ள வளையத்தில் எஸ், சிஎல், சிஎச் (பின்னிரண்டும் தொடர்ந்து படம் எடுக்கும் மெதுவான, வேகமான முறைகள்) என்று இருக்கும். அங்கே எஸ் என்றால் ஷட்டர் முன்னுரிமை இல்லை, ஒரு அழுத்துக்கு ஒரு படம்.

நான் காசிமேடு துறைமுகத்தில் விடியற்காலையில் படகு வந்து மீன் இறக்கும்போது ஏ மோடில்தான் எடுக்கிறேன், ஏனென்றால் ஐஸ் பெட்டி நிழலிலிருந்து திரும்பினால் நேரே வெயில், ஒவ்வொரு முறையும் ஷட்டரைத் திருத்திக்கொண்டிருந்தால் கூடை கைமாறிவிடும். அப்புறம், ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) பட்டனைப் பிடித்து முன் சக்கரத்தைச் சுற்றினால் அதைக் கேமராவே அமைக்கும் ஆட்டோ ஐஎஸ்ஓ வந்துவிடும், மெனுவுக்கே போக வேண்டாம். வாங்க நினைக்கும் தம்பிகள் மேனுவல் மட்டும்தான் என்ற பேச்சைக் கேட்டுப் பயந்து பின்வாங்காதீர்கள்.